வயிறு வெளுத்த செவலை

என் மாமனார் கசாய்னே தன் மாடுகளை ஒருநாளும் எண்ணியதில்லை. எங்கள் மாசாய் ஆட்களில் யாரும் எண்ணுவதில்லை. எண்ணுவது மாட்டுக்கு ஆகாது என்பார்கள். அதைவிட, எண்ண வேண்டிய தேவையே கிடையாது. பொழுது சாயும் நேரத்தில் பட்டி வாசலை அடைத்திருக்கும் முள்கிளையை இழுத்து ஒதுக்கிவிட்டு, தடியை ஊன்றி, ஒரு காலை மடக்கி மறுகாலின் முழங்காலில் வைத்து நிற்பார். காரி நுழையும், மயிலை நுழையும், கொம்பு சரிந்தது நுழையும், நெற்றியில் சுட்டி உள்ளது நுழையும். ஒவ்வொன்றும் அவர் கண்ணுக்குள் தனக்கென்று இருக்கும் இடத்தில் போய் நிற்கும். கடைசி மாடு நுழைந்த பிறகும் சற்று நேரம் அசையாமல் இருப்பார். எந்த இடமும் காலியில்லை என்றால் வாசலை அடைப்பார். அந்தக் கண் தவறியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

அது தவறியது என்று ஒருநாள் நான் காட்ட வேண்டி வந்தது. அதுவும் மறுநாள் விடிவதற்குள்.

என் பெயர் திபாபே. சிங்கங்களின் பின்னால் நடப்பது என் வேலை. எங்கள் மேய்ச்சல் நிலத்துப் பெரியவர்களும் ஒரு சிறிய அமைப்பும் சேர்ந்து என்னை இதில் வைத்திருக்கிறார்கள். காலையில் தடம் பார்ப்பேன். இன்று எந்தப் பக்கம் மாட்டை ஓட்ட வேண்டாம் என்று மேய்ப்பவர்களுக்குச் சொல்வேன். மாடு தொலைந்தால் தேடுவேன், வேலி சரிந்தால் முள் வெட்டிப் போடுவேன். ஒரு மாட்டைச் சிங்கம் அடித்துவிட்டால், ஈட்டியோடு கிளம்பும் மொரான்களின் எதிரில் போய் உட்காருவேன். மொரான் என்பவன் எங்கள் இளவட்டப் போராளி. அவனிடம் பேசிப் பயனில்லை. அவன் கோபம் களைத்துப்போகும்வரை உட்கார்ந்திருப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. பேச்சு குறைந்தவன் என்பதால் அது எனக்குக் கைவந்தது.

நோலாரி நான் பெயரிட்ட பெண் சிங்கம். மழைக்காலத்தவள் என்று பொருள். சிங்கத்தின் மீசை மயிர் முளைக்கும் இடத்தில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. நோலாரியின் இடது கன்னத்தில் மேல்வரிசைப் புள்ளி ஒன்று கீழே இறங்கி, தனியே நிற்கும். அவள் அக்கா தங்கைகளோடு ஒரு கூட்டமாக வாழ்ந்தவள். வயிறு கனத்ததும், பெண் சிங்கங்கள் செய்வதுபோலவே, கூட்டத்தை விட்டுத் தனியே போனாள். மணலாற்றுக்கு அந்தப் பக்கம் பாறை இடுக்கில் முட்புதர் அடர்ந்த ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே ஈன்றாள். சில நாளைக்கு ஒருமுறை குட்டிகளைக் கழுத்தில் கவ்வி, ஒரு புதரிலிருந்து இன்னொரு புதருக்கு மாற்றுவாள். ஒரே இடத்தில் வாசனை ஊறிவிட்டால் கழுதைப்புலிக்கு வழி சொன்னதாகிவிடும். குட்டிகள் கால் ஊன்றி ஓடும்வரை கூட்டத்தில் யாரிடமும் காட்ட மாட்டாள். அதுவரை அவை இருப்பது சகோதரிகளுக்கே தெரியாது. அந்த நாள்களில் அவள் செத்தால் குட்டிகளைத் தேடி யாரும் வரப்போவதில்லை. பசியில் சாகும்.

குட்டி எத்தனை என்று அமைப்பின் ஆள் வாக்கிடாக்கியில் கேட்டுக்கொண்டே இருந்தார். பார்க்கவில்லை என்றேன். அது உண்மை. புதருக்குள்ளிருந்து பூனைக்குரல்போல ஒன்று கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

அந்தக் காலையில் கழுகுகள் வட்டமிட்ட இடத்துக்குப் போனபோது மாமனார் எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். மணலாற்றங்கரையில் ஒரு பசு கிடந்தது. வயிறு வெளுத்த செவலை. தொடையும் குடலும் தின்னப்பட்டிருந்தன. சுற்றிலும் ஒரே ஒரு சிங்கத்தின் தடம். முன்காலின் ஒரு விரல் சற்று வெளியே சாய்ந்த தடம். யாருடையது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அது அவருடைய பழைய செவலை அல்ல. சிரோங்கா என்ற அவருடைய நண்பர் சில நாள்களுக்கு முன்புதான் கொடுத்த பசு. போன வறட்சியில் சிரோங்காவின் மாடுகளுக்கு மாமனார் தன் மேய்ச்சலில் இடம் கொடுத்தார். அதற்குப் பதில் அது. கசாய்னேவுக்கு வயிறு வெளுத்த செவலை என்றால் உயிர் என்பதால், தன் மந்தையில் அதே நிறத்தில் தேடிப் பிடித்துக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பசு கொடுத்தவரும் வாங்கியவரும் கூப்பிட்டுக்கொள்வதுபோல, ‘பாகிதெங்’ என்றுதான்.

மாமனார் என்னைப் பார்க்காமல் பேசினார். மருமகனை நேராகப் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை.

“நேத்து சாயங்காலம் ரெண்டு செவலையும் உள்ள வந்துச்சு. என் கண்ணால பார்த்தேன் மாப்பிள்ளை. ராத்திரி கீழ்ப்பக்கம் முள்ளு சரிஞ்சு கிடந்துச்சு. உன் ஆளு உள்ள வந்திருக்கா.”

எங்கள் பெரியவர்கள் மரத்தடியில் கூடி முன்பே ஒரு முடிவு செய்திருந்தார்கள். வெளியே தங்கிப்போன மாட்டைச் சிங்கம் தின்றால் அது மாட்டுக்காரனின் கவனக்குறைவு, சிங்கத்தைத் தொடக்கூடாது. வேலி தாண்டி உள்ளே வந்து தூக்கினால் அந்தச் சிங்கத்துக்குக் காவல் இல்லை. இத்தனை வருடமாக இந்த ஒரு வரியை வைத்துத்தான் நான் சிங்கங்களைக் காப்பாற்றி வந்திருக்கிறேன். இப்போது அதே வரி அவளைக் கொல்ல வந்து நின்றது.

மாமனாரின் கடைசி மகன் லெகிஷோன் மொரான். முந்தைய நாள் மாடு மேய்த்ததும் அவன்தான். நான் பட்டிக்குப் போனபோது அவன் தன் வயதுச் சோட்டுக்காரர்களோடு தலைமுடியில் செம்மண் குழைத்துக்கொண்டிருந்தான். தொடையில் கட்டும் வெண்கல மணியைக் கையில் வைத்து அதன் வாய்க்குள் புல்லைத் திணித்துக்கொண்டிருந்தான். சிங்க வேட்டைக்குப் போகும்போது மணி பேசக்கூடாது. குத்தி முடித்துத் திரும்பும்போது புல்லைப் பிடுங்கிவிடுவார்கள். அந்த மணிச் சத்தம் கேட்டால் பெண்கள் பாடிக்கொண்டு எதிரே வருவார்கள். மறுநாள் விடியலில் கிளம்புவதாக முடிவாகியிருந்தது.

சரிந்த வேலியைப் பார்த்தேன். முள்கிளைகள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. இரவில் சிங்கம் உறுமியபோது மாடுகள் மிரண்டு நெருக்கியிருக்கின்றன. உள்ளே சிங்கத் தடம் எதுவும் இல்லை. அதைச் சொன்னேன்.

“மாடு மிதிச்ச சாணியில சிங்கத் தடம் நிக்குமா மச்சான்?” என்றான் லெகிஷோன். அவன் ஆட்கள் சிரித்தார்கள். “எங்கக்காவுக்குக் குடுத்த பரிசத்தைவிட அந்தப் பொட்டச் சிங்கத்துக்குக் கூடக் குடுத்துட்ட போல. வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிரு.”

சிரோங்காவின் இளைய மகனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அவன்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான்.

அமைப்பைக் கூப்பிட்டிருக்கலாம். வண்டிகள் வரும், அரசாங்கத்துக் காவலர்களும் வருவார்கள். பையன்கள் கலைந்து போவார்கள். பிறகு ஒருநாள் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு செத்த மாட்டின்மேல் விஷம் தூவப்படும். நோலாரி மட்டுமல்ல, அவள் சகோதரிகள், கழுகுகள், நரிகள் எல்லாம் அதைச் சுற்றிக் கிடக்கும். வெளியிலிருந்து வரும் காவல் அதிக நாள் நிற்காது. இது உள்ளேயே முடிய வேண்டும். வாக்கிடாக்கியை அணைத்துவிட்டு மணலாற்றுக்குத் திரும்பி நடந்தேன்.

செத்த பசுவிடமிருந்து பின்னோக்கித் தடம் பார்த்துப் போனேன். மிரண்டு ஓடிய மாட்டின் குளம்பு மண்ணைக் கிளறும், முன்பக்கம் ஆழமாகப் பதியும். இது நிதானமாக நடந்திருந்தது. இடையிடையே நின்று புல்லைக் கடித்திருந்தது. பட்டியின் பக்கம் போகவே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது. மந்தை வலதுபக்கம் ஏறி வீட்டுக்குப் போயிருக்கிறது. இந்த ஒற்றைப் பசு மட்டும் இடதுபக்கம் திரும்பியிருக்கிறது. இடதுபக்கப் பாதை சிரோங்காவின் வீட்டுக்குப் போவது. புது இடத்தில் மனம் ஒட்டாமல் பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டிருக்கிறது.

அந்தக் குளம்புத் தடத்தின்மேல் செம்மறியாடுகள் நடந்திருந்தன. பக்கத்துப் பட்டியின் ஆடுகள். அவை வீடு திரும்புவது பொழுது சாய்வதற்குச் சற்று முன்பு. அதாவது, ஆடுகள் போவதற்கு முன்பே பசு போய்விட்டது. மாமனார் வாசலில் நின்றபோது அது மணலாற்றங்கரையில் இருந்திருக்கிறது.

அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. வருடக்கணக்காக அவர் கண்ணில் வயிறு வெளுத்த செவலைக்கு ஓர் இடம்தான். நேற்றும் அந்த இடத்தில் ஒரு செவலை வந்து நின்றது. கண் நிறைந்துவிட்டது. இரண்டாவது இடம் இன்னும் உண்டாகியிருக்கவில்லை. எண்ணுகிறவனாக இருந்தால் தப்பு நடந்திருக்காது. எண்ணாமலே எல்லாவற்றையும் அறிந்தவருக்குத்தான் இப்படி நடக்கும்.

லெகிஷோனைக் கூட்டி வந்து தடத்தைக் காட்டினேன். மேய்த்தவன் அவன் என்பதால் முதலில் அவன் பார்ப்பதுதான் நியாயம் என்று நினைத்தேன். அவன் குனிந்து பார்த்தான். கூர்மையான பையன். அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாதை பிரியும் இடத்தில் நேற்று அவன் எங்கே இருந்தான் என்று நான் கேட்கவில்லை. அவன் முகத்தில் இருந்த செம்மண்ணுக்கு அடியில் நிறம் மாறியது.

“இதை அப்பா பார்க்க வேண்டாம்,” என்றான்.

“பார்த்தாத்தான் உங்க பயணம் நிக்கும்.”

“நீ ஒரு காலத்துல சிங்கத்தைக் குத்தினே. அதுக்கு ஒரு பேரும் வாங்கிட்டே. இன்னிக்கும் கிழவனுங்க அந்தப் பேர் சொல்லித்தான் உன்னைக் கூப்பிடறாங்க. நாங்க மட்டும் சும்மா இருக்கணுமா மச்சான்?”

பதிலுக்கு நிற்காமல் அவன் போய்விட்டான்.

மாமனாரை அழைத்துவரப் பெரியவர் ஒருவரைத் தேடிப் போனேன். திரும்பி வந்தபோது தடம் இல்லை. லெகிஷோன் வெள்ளாட்டு மந்தையை அந்த இடத்தின்மேல் இரண்டு முறை ஓட்டியிருந்தான். மண் மாவுபோல ஆகியிருந்தது. கூட வந்த பெரியவர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் வழியே போனார்.

வீட்டுக்குப் போனேன். என் மனைவி சிமாலோய் சுரைக்குடுக்கையைக் கரிக்கட்டையால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“எங்கப்பா முன்னால உன்னால ஒரு வாய் பால் குடிக்க முடியுமா?” என்றாள்.

முடியாது என்றேன். மாமனார் முன்னால் மருமகன் எதையும் வாயில் வைக்கக்கூடாது.

“பாலே குடிக்க முடியாது. அவர் கண்ணு பொய்ன்னு எப்படிச் சொல்லுவே? தடம் இருந்திருந்தாலும் நடக்காது. நீ சொல்லி அவர் ஒத்துக்கிட்டார்னா, அப்புறம் சாகற வரைக்கும் வாசல்ல நிக்க மாட்டார்.”

“அப்ப நோலாரி?”

“உனக்கு அவ. எனக்கு என் தம்பி. குட்டி போட்டவகிட்ட ஈட்டியைத் தூக்கிட்டுப் போறான், முட்டாள்.” குடுக்கையைக் கவிழ்த்து வைத்தாள். “எங்கப்பாகிட்ட இதைப் பேசக்கூடிய ஆள் ஒருத்தர்தான் இருக்கார். பசுவைக் குடுத்தவர். அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மட்டுந்தான் அதைப் பேச முடியும். போய் அவர் காலைப் பிடி. அவர் உனக்கு மாமனார் இல்ல.”

வெயில் உச்சியில் இருந்தது. தூரத்தில் பனி மூடிய வெள்ளை மலையின் தலை மேகத்துக்குள் போயிருந்தது. சிரோங்காவின் வீடு இரண்டு மணி நேர நடை. ஓட்டமும் நடையுமாகப் போனேன். செத்த பசு போக நினைத்த அதே பாதையில்தான் போகிறேன் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. மணலாற்றைக் கடக்கும்போது பள்ளத்தின் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும் என்று தோன்றியது.

சிரோங்கா குடைவேல மர நிழலில் படுத்திருந்தார். ஒல்லியான, குறும்புப் பேச்சுக்காரர். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, சிங்கத்துக்காரன் இவ்வளவு வேகமாக வந்தால் சிங்கம் இவனைத் துரத்துகிறதா, இவன் பெண்டாட்டி துரத்துகிறாளா என்று கேட்டார். பால் டீ வந்தது. குடித்தேன். பிறகு சொன்னேன். பசு செத்ததைக் கேட்டதும் குறும்பு போய்விட்டது. பாதை பிரியும் இடத்துத் தடத்தைச் சொன்னபோது அவர் தலை குனிந்தது.

நான் காத்திருந்தேன். நிழல் எங்கள் கால்மேலிருந்து நகர்ந்து போயிற்று.

“அவ முன்னமே ஒரு தடவை வந்துட்டா தம்பி,” என்றார். “குடுத்த மறுநாளே. விடியக்காலைல பார்த்தா என் வாசல்ல நிக்கறா. யாருக்கும் தெரியாம நானே ஓட்டிட்டுப் போய், தண்ணித் தொட்டிகிட்ட பாகிதெங் மந்தையில கலந்து விட்டுட்டு வந்துட்டேன்.”

“ஏன் அவர்கிட்டச் சொல்லலை?”

“குடுத்த மாடு திரும்பி வந்தா, குடுத்தவன் மனசாரக் குடுக்கலைன்னு பேசுவாங்க. எனக்குன்னு ஒரு மானம் இருக்குல்ல.”

அவர் அதைச் சொல்லியிருந்தால் மாமனார் அந்தப் பசுவைச் சில நாள் கட்டி வைத்திருப்பார். லெகிஷோனும் கண்ணை எடுக்காமல் மேய்த்திருப்பான். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது. இன்று மாலைக்குள் வந்து பேச வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

முடியாது என்றார். ஒரு சிங்கத்துக்காகத் தன் பாகிதெங்கின் முகத்தில் சாணி அப்ப முடியாது என்றார். அவருடைய மாட்டையும் கன்றையும் இந்தச் சிங்கங்கள் தின்றதில்லையா என்று கேட்டார். தின்றிருக்கின்றன என்றேன். பிறகு ஏன் என்றார். அவள் இங்கேதான் பிறந்தாள், இந்த மழையைத்தான் அவளும் எதிர்பார்த்தாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொன்னால் எடுபடாது. எனக்குத் தெரிந்த இன்னொன்றைச் சொன்னேன்.

“ஐயா, கூட்டமா ஈட்டியோட போனா ஆண் சிங்கம் ஓடும். ஓடறதைத் துரத்திக் குத்தறதுதான் இவனுங்க கேள்விப்பட்ட வேட்டை. இவ ஓட மாட்டா. குட்டி பின்னால இருக்கு. புதர் இடுக்குல ஒவ்வொருத்தனாத்தான் குனிஞ்சு போகணும். ஈட்டியைத் தூக்க இடம் கிடையாது. முதல்ல எவன் குனியறானோ அவன் மேல வருவா.”

ஒரு கன்று வந்து அவர் போர்வையின் நுனியைச் சப்பியது. தள்ளவில்லை.

“முதல்ல குனியறவன் என் சின்னவனாத்தான் இருப்பான்,” என்றார் கடைசியில். “சிரிச்சுக்கிட்டே குனிவான்.”

எழுந்தார். ஆனால் உடனே கிளம்பவில்லை. மேய்ச்சலுக்குப் போனார். மாடுகளுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றினார். நான் பொறுமை இழந்து நின்றேன். அவர் திரும்பி வந்தபோது முன்னால் ஒரு கிடாரி நடந்து வந்தது. செத்ததன் தங்கையாக இருக்க வேண்டும். உடல் செவலை, வயிறு வெள்ளை.

“வா,” என்றார். “வேகமா நடப்பா இவ.”

கசாய்னேவின் பட்டிக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது மாடுகள் திரும்பிக்கொண்டிருந்தன. புழுதியில் வெயில் சிவந்திருந்தது. வாசலில் அவர் தடியை ஊன்றி நின்றிருந்தார். சற்றுத் தள்ளி ஒரு விழுந்த மரத்தின்மேல் மொரான்கள் வரிசையாக உட்கார்ந்து ஈட்டி முனையைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தந்தையைக் கண்டதும் சிரோங்காவின் மகன் எழுந்து நின்றான். லெகிஷோன் என்னைத்தான் பார்த்தான்.

“பாகிதெங்,” என்றார் சிரோங்கா.

“பாகிதெங்,” என்றார் மாமனார். கண்ணை மாடுகளிலிருந்து எடுக்கவில்லை.

மாடு நுழைகிற நேரத்தில் அவரிடம் யாரும் பேச மாட்டார்கள். சிரோங்காவும் பேசாமல் வாசலின் மறுபக்கம் போய் நின்றார். காரி போயிற்று. மயிலை போயிற்று. பழைய செவலை போயிற்று. அப்போது மாமனாரின் கழுத்து லேசாக அதன் பின்னாலேயே திரும்பியதைப் பார்த்தேன். முன்பெல்லாம் அவர் கழுத்து திரும்பாது. கடைசி மாடும் நுழைந்தது. அவர் அப்படியே நின்றார். வழக்கத்தைவிட நீண்ட நேரம்.

“எல்லாம் வந்துருச்சா?” என்று கேட்டார் சிரோங்கா.

“வந்துருச்சு.”

“நேத்து?”

ஈட்டி தேய்க்கும் சத்தம் நின்றது.

“நேத்தும் வந்துச்சு.”

“ஆமா, பாகிதெங். உன்னுது எல்லாம் வந்துச்சு. வராதது என்னுது.” சிரோங்கா கிடாரியின் முதுகில் கை வைத்துக்கொண்டார். அது திரும்பிப் போகாமல் இருக்கவா, தான் திரும்பிப் போகாமல் இருக்கவா என்று தெரியவில்லை. “குடுத்த மறுநாளே அவ என் வாசலுக்கு வந்துட்டா. வெக்கப்பட்டுக்கிட்டு உனக்குத் தெரியாம ஓட்டிவிட்டேன். உன் பட்டியில மனசு வைக்காத மாடு இன்னும் என் மாடுதான். செத்ததும் என் வீட்டுக்கு வர்ற வழியில. உன் மாடு எதுவும் சாகலை. என் கடன்தான் நிக்குது. அதுக்கு இவளைக் கொண்டாந்தேன்.”

எவ்வளவு அழகாகக் கதவைத் திறந்து வைத்துவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாமனார் அதன் வழியே தலை நிமிர்ந்து வெளியே வந்துவிடலாம். அவர் கண்ணில் பழுது இல்லை, மந்தை குறையவில்லை. ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் லெகிஷோன் எழுந்து வந்தான்.

“ரெண்டு செவலையும் உள்ள வந்ததைப் பார்த்தேன்னு சொன்னீங்கல்லப்பா?” என்றான். அவன் குரல் சவாலாகத் தொடங்கியது, முடியும்போது கெஞ்சலாக ஆகிவிட்டது.

மாமனார் மகனைப் பார்த்தார். பட்டிக்குள் நிற்கும் பழைய செவலையைப் பார்த்தார். வாசலில் நிற்கும் கிடாரியைப் பார்த்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு நேரம் அவர் ஒரு பசுவைப் பார்த்து நான் கண்டதில்லை. பெண்கள் பால் கறக்க வந்து, குடுக்கையோடு அப்படியே நின்றார்கள்.

“ஒரு செவலையைப் பார்த்தேன்,” என்றார்.

மடக்கியிருந்த காலைத் தரையில் ஊன்றினார்.

“ஒண்ணைப் பார்த்தேன். ரெண்டுன்னு நினைச்சுக்கிட்டேன். வேலிக்குள்ள யாரும் வரலை. ஈட்டியை உள்ள கொண்டுபோய் வையுங்க.”

முதலில் நகர்ந்தது சிரோங்காவின் மகன். சிரிப்பில்லாமல் ஈட்டியை மரத்தில் சாய்த்து வைத்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். லெகிஷோன் மட்டும் நின்றான். பாதை பிரியும் இடத்தில் எங்கே போயிருந்தாய் என்று அவன் அப்பா கேட்பார் என்று காத்து நின்றான் போலிருக்கிறது. அவர் கேட்கவில்லை. கிடாரியை உள்ளே விட்டு, முள்கிளையை இழுத்து வாசலை அடைத்தார். பிறகு சிரோங்காவின் தோளில் கையைப் போட்டு வீட்டுக்குள் அழைத்துப் போனார். என் பக்கம் திரும்பவே இல்லை. மரியாதைக்காகத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பட்டியைக் கடந்து போகும்போது மணிச் சத்தம் கேட்டது. லெகிஷோன் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். புதுக் கிடாரியின் கழுத்தில் அவனுடைய தொடை மணி தொங்கியது. உள்ளே இருந்த புல்லைப் பிடுங்கியிருந்தான்.

“என்ன மச்சான் பார்க்கறே?” என்றான். “உன் ஆளு கேட்டு ஒதுங்கிப் போகட்டும்னுதான்.”

அவன் தலையில் செம்மண் இன்னும் அப்படியே இருந்தது. பாதை பிரியும் இடத்தில் அவன் கிடாரியின் பக்கத்தில் நடந்தான்.

அடுத்த பிறை வளர்ந்து தேய்ந்த பிறகு ஒரு விடியலில் நோலாரி பள்ளத்திலிருந்து வெளியே வந்தாள். எதிர்ப்பாறையின்மேல் நான் படுத்திருந்தேன். அவள் நின்று, திரும்பி, தொண்டைக்குள் மெல்ல ஒரு சத்தம் போட்டாள். புதர் அசைந்தது. அவளுடைய சகோதரிகள் மணலில் கிடந்த இடத்துக்கு அவள் நேராக நடந்தாள். பின்னால் காதில் மை தடவியதுபோல ஒன்று, தாயின் வாலைக் கடிக்க முயன்றுகொண்டே ஒன்று, தயங்கித் தயங்கி நின்று பார்த்துவிட்டு ஓடி வந்த ஒன்று. சகோதரிகள் எழுந்து முகர்ந்தார்கள். ஒருத்தி குட்டியை நாக்கால் புரட்டிவிட்டாள். நோலாரி பக்கத்தில் சாய்ந்து படுத்தாள். கண் மூடிக்கொண்டாள்.

வாக்கிடாக்கியில் கேட்டார்கள். சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அன்று மாலை ஒரு வேலையாக மாமனார் பட்டிப் பக்கம் போனேன். அவர் வாசலில் நின்றிருந்தார். மாடுகள் நுழைந்துகொண்டிருந்தன. பழைய செவலை வந்தது. சற்றுப் பின்னால் மணியோடு புதியது வந்தது. கடைசி மாடு போன பிறகும் அவர் வாசலை அடைக்காமல் நின்றார். என்னைப் பார்க்காமல், மணலாற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அவளோடது எல்லாம் வந்து சேர்ந்துச்சா மாப்பிள்ளை?”

“வந்து சேர்ந்துச்சு மாமா.”

எத்தனை என்று அவர் கேட்கவில்லை. முள்கிளையின் ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். வாசலை அடைத்தோம்.